முதலில் விளக்கு, அப்புறம் வாட்ச்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஆறு மாதமாக விடியும் முன்பே எழுந்து ரோட்டில் ஓடுகிறார், இப்போது அரை மாரத்தான் ஆசை வேறு வந்துவிட்டது. பிறந்த நாளுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் வாட்ச் வாங்கித் தரலாம் என்று பார்த்தால் ஏகப்பட்ட மாடல்கள், தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்குவது? இருட்டில் ஓடுகிறாரே என்ற பயமும் எனக்கு உண்டு. விழுந்தால் வாட்ச்சே வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிடும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அதுதான். திடீரென்று ஒரு பலத்த அதிர்வு, அதன்பின் அசைவே இல்லை என்றால் ஆள் விழுந்துவிட்டார் என்று வாட்ச் முடிவு செய்கிறது, சிறிது நேரம் காத்திருந்துவிட்டு நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் பெரும்பாலான வாட்ச்களில் அந்தச் செய்தி போவது போன் வழியாக. போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் வாட்ச்சுக்கு வாயே கிடையாது. தனக்கென்று சிம் இணைப்பு உள்ள மாடல்கள் மட்டும்தான் விதிவிலக்கு, அவற்றுக்கும் சிக்னல் வேண்டும். எல்லாம் சரியாக வேலை செய்தாலும் அது விழுந்த பிறகு வரும் தகவல்தான், சகோதரி. விழாமல் பார்த்துக்கொள்வது வேறு சாமான்களின் வேலை.

ஒரு முறை நான் வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பளிச்சென்று தெரிவோம் என்ற தைரியத்தில் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் காரில் வந்த நண்பர் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "ஆளே தெரியலை. ரெண்டு சின்ன வெளிச்சம் மேலும் கீழும் போச்சு, அதுக்கப்புறம்தான் மனுஷன்னு புரிஞ்சுது." அந்த இரண்டு வெளிச்சமும் என் ஷூவின் குதிகாலில் விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்த ஒளிரும் பட்டைகள். என் வெள்ளைச் சட்டை அவர் கண்ணில் படவே இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் வேகம் குறையத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். அதனால் தூரத்திலேயே தெரிய வேண்டும். இங்கே கடையில் நடக்கும் குழப்பம் ஒன்று: கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறத் துணிகளை வாங்கிவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த நிறங்கள் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டுதான் அப்படி மின்னுகின்றன. ராத்திரியில் அந்தக் கதிர் ஏது? இருட்டுக்கு வேண்டியது ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டை. அதையும் நெஞ்சில் மட்டும் போடாமல் கணுக்காலிலும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நெஞ்சில் இருக்கும் பட்டை ஏதோ கம்பம் மாதிரி தெரியலாம், கால் மேலும் கீழும் போவதைப் பார்த்தால் ஓடுவது மனிதர் என்று உடனே பிடிபட்டுவிடும்.

ஆனால் வெளிச்சம் விழுந்தால்தான் பட்டை மின்னும். லைட் போடாமல் வரும் சைக்கிளுக்கும், வளைவில் திரும்பும் வண்டிக்கும் அது பயன்படாது. அதனால் முதுகுப் பக்கம் மினுக்கும் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று, முன்னால் ஒரு விளக்கு. முன் விளக்கை எல்லோரும் நெற்றியில் கட்டுகிறார்கள், நான் இடுப்பில் கட்டுவதையே விரும்புகிறேன். நெற்றி விளக்கின் ஒளி கண்ணின் உயரத்திலிருந்தே போவதால் பள்ளம் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் தரை சப்பையாகத் தெரியும். இடுப்பிலிருந்து ஒளி தாழ்வாகப் போகும்போது ஒரு சின்னக் கல்லுக்கும் நீளமாக நிழல் விழும், கால் தானாகவே விலகிக்கொள்ளும். சாலை ஓட்டத்துக்கு 200 லூமென் வெளிச்சம் போதும்.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். காதில் இயர்போன் வேண்டாம், பாட்டு இல்லாமல் முடியவே முடியாது என்றால் காதை மூடாமல் கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன், அதுவும் சத்தம் குறைவாக. பெயர், ரத்த வகை, உங்கள் எண் மூன்றையும் ஒரு பட்டையில் எழுதிக் கையில் கட்டிவிடுங்கள். பூட்டிய போனுக்குள் இருக்கும் எண் யாருக்கும் உதவாது.

சரி, வாட்ச். திறந்த சாலையில் இன்றைய எந்த ஜிபிஎஸ் வாட்ச்சும் தூரத்தை ஒழுங்காகவே காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓடுபவர் என்றால் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும், வரைபடத்தில் ஆள் கட்டடத்துக்குள் புகுந்து போன மாதிரி கோடு விழும். அவருக்கு எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் பிடிக்கும் மாடல் நல்லது. போட்டியில் 21.1 கிலோமீட்டருக்கு வாட்ச் 21.3 காட்டினால் நடத்துபவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். முறைப்படி அளக்கும் பாதையை வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், நாம் கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடுகிறோம்.

இதயத் துடிப்பு விஷயத்தில்தான் மணிக்கட்டை அப்படியே நம்பக் கூடாது. பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது வாட்ச். கை ஆடும்போது சில சமயம் அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். சாவகாசமாகப் பேசிக்கொண்டு ஓடிய ஒரு நாள் என் வாட்ச் 172 காட்டியது, நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 130 கூட இல்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி இறுக்கமாகக் கட்டினால் ஓரளவு சரியாகும். துல்லியம் வேண்டுமென்றால் இதயத்தின் மின் துடிப்பையே படிக்கும் மார்புப் பட்டைதான். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்குப்படி உங்கள் கணவரின் உச்சத் துடிப்பு 174. அது சராசரி மட்டும்தான், ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் முன்பின் இருக்கும். அந்த எண்ணை வைத்து, ஓட்டம் எவ்வளவு கடுமை என்று காட்ட வாட்ச் பிரிக்கும் 'ஸோன்' எனப்படும் துடிப்பு எல்லைகள் எல்லாமும் அதே அளவுக்குத் தவறலாம்.

பேட்டரியைப் பார்க்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் நாள் கணக்கை விட்டுவிட்டு ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் என்பதைப் படியுங்கள். பட்டன் உள்ளதாக எடுங்கள், வியர்த்த விரலுக்கு டச் ஸ்கிரீன் படியாது. தூக்க மதிப்பெண், மன அழுத்த மதிப்பெண் இவற்றுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: போனிலேயே ஓட்டத்தைப் பதிவு செய்கிறேன். எனக்கும் வாட்ச் அவசியமா?

பதில்: இல்லை. போனை எடுத்துப் பார்க்கப் பார்க்க ஓட்டம் தடைபடுகிறது என்று தோன்றும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. தினமும் ஓடும் பாதையை வரைபடத்தோடு எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன். தோழி வேண்டாம் என்கிறாள். அவள் அதிகம் பயப்படுகிறாளா?

பதில்: தோழி சொல்வதுதான் சரி. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகளே வெளிச்சமாகத் தெரிந்தன, வீரர்கள் ஓடிப் பதிவு செய்ததால். உங்கள் வரைபடம் தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும், நேரமும் அதிலேயே இருக்கும். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி செயலியின் அமைப்புகளில் இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள். அப்புறம், லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அந்த நேரத்தில் அவர் விழித்திருப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.