ஃபோம் கவசம்: பணத்தை எதில் போடுவது?

காஸ்ப்ளே, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடம் போடும் பொழுதுபோக்கு, அதற்கான கவசம் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. கேட்டிருப்பவர்களில் பெரும்பாலானோர் தாங்களே கற்பனை செய்த உருவத்துக்குக் கவசம் செய்பவர்கள். பார்த்து அளவெடுக்க முன்மாதிரி கிடையாது என்பதால் எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்ற குழப்பம் இவர்களுக்குத்தான் அதிகம்.

கேள்வி: நானே வரைந்த ஒரு போர்வீரர் உருவத்துக்கு மார்பு, தோள், முன்கை, முழங்கால் கவசங்களை ஃபோமில் (நுரை ஷீட்டில்) செய்யப் போகிறேன். இணையக் கடையில் 2 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை ஷீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு, கூடவே சூடான காற்றை ஊதும் ஹீட் கன், தேய்த்து வடிவமைக்கும் சுழல் மெஷின், ஸ்ப்ரே, பெயிண்ட் என்று எல்லாவற்றையும் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆர்டர் செய்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் பேட்டர்ன், அதாவது ஒவ்வொரு துண்டையும் வெட்டுவதற்கான அளவு மாதிரி, அப்புறம்தான் கடை. உங்களிடம் இருப்பது படம். எத்தனை துண்டு, எந்தத் துண்டு எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. அது தெரியாமல் வாங்கினால் தேவையில்லாத தடிமனில் ஷீட்டுகள் மூலையில் கிடக்கும், தேவையானது பாதி வேலையில் தீர்ந்துபோகும்.

பேட்டர்ன் எடுக்கச் செலவு அதிகமில்லை. உள்ளே என்ன உடை போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் சமையலறையில் பாத்திரம் மூடப் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கு மேல் காகித டேப்பை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். தனியாக முடியாது, ஒருவர் உதவ வேண்டும். கழுத்தைச் சுற்றி இறுக்கக் கூடாது. பிறகு அந்த டேப் ஓட்டின்மேல் பேனாவால் கவசத்தை வரையுங்கள். அக்குள், இடுப்பு, முழங்கை என்று உடம்பு மடியும் இடங்களில் கவசம் பிரிந்தே ஆக வேண்டும். படத்தில் ஒரே தகடாக வரைந்திருந்தாலும், அணிந்தவர் உட்காரவும் கையைத் தூக்கவும் வேண்டுமே. வரைந்த கோடுகளில் வெட்டினால் தட்டையாகப் படியாத துண்டுகள் வரும். படியாத இடத்தில் ஒரு கீறல் போட்டு விரித்தால் அதுவே உங்கள் இணைப்புக் கோடு. அடுத்தடுத்த துண்டுகள் சேரும் இடத்தில் குறுக்கே சிறு கோடுகள் போட்டு வையுங்கள், ஒட்டும்போது வழி காட்டும். இடம் வலம் ஒரே மாதிரி வர, ஒரு பாதிக்கு மட்டும் பேட்டர்ன் எடுத்து மறுபாதிக்குத் திருப்பிப் போட்டால் போதும்.

இங்கே பலர் விட்டுவிடும் கணக்கு ஒன்று உண்டு. ஃபோமுக்குத் தடிமன் இருக்கிறது. முன்கையைச் சுற்றி 10 மி.மீ. ஃபோம் வளையும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் விரியும். தடிமனின் நடுக்கோட்டை வைத்துக் கணக்குப் போட்டால், சுற்றளவு உடம்பளவை விட ஏறக்குறைய 3 செ.மீ. கூடுதலாக வேண்டும். 5 மி.மீ. என்றால் ஒன்றரை செ.மீ. உடம்பளவுக்கே வெட்டிவிட்டால் கவசம் மூடாது, அந்த ஷீட் வீண்.

பேட்டர்னை அட்டையில் வெட்டி உடம்பில் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால், துண்டுகளைத் தரையில் ஷீட் அளவுக்குள் அடுக்கி எத்தனை ஷீட் என்று எண்ணுங்கள். மார்புக்கும் தோளுக்கும் 8 அல்லது 10 மி.மீ., முன்கைக்கும் முழங்காலுக்கும் 5 அல்லது 6, விளிம்புப் பட்டைக்கும் அலங்காரத்துக்கும் 2. முதல் கவசத்துக்கு இந்த மூன்று தடிமன் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு ஷீட் கூடுதலாக, அதே ஆர்டரில் வாங்குங்கள். பின்னால் தனியாக வாங்கினால் அடர்த்தி சற்று மாறி வரலாம்.

உங்கள் கூடையில் இருப்பவற்றில், ஃபோமைச் சூடாக்கி வளைக்க ஹீட் கன் அவசியம். தலைமுடி உலர்த்தியின் சூடு இதற்குப் பற்றாது. சுழல் மெஷின் இப்போதைக்கு வேண்டாம், நல்ல மணல் தாளே முதல் கவசத்துக்கு ஈடுகொடுக்கும். அந்தப் பணத்தில் முனை ஒடிக்கும் கட்டர் கத்திக்கு மாற்று பிளேடுகள் நிறைய வாங்குங்கள். ஃபோம் பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த விளிம்பை எந்தப் பசையும் சுத்தமாகச் சேர்க்காது.

கேள்வி: தரையில் விரிக்கும் புதிர் பாய் மலிவாகக் கிடைக்கிறது. "காஸ்ப்ளேக்கான உயர் அடர்த்தி ஃபோம்" என்று தனியாக விற்பது பல மடங்கு விலை. உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா? பெயருக்குத்தான் பணமா?

பதில்: இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், ஈ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட் நுரை. வேறுபாடு அடர்த்தியில். "உயர் அடர்த்தி" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சிடலாம், அதை நம்பி வாங்காதீர்கள். ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். கவசத்துக்கு 100 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. 40 கிலோவை ஒட்டியதை நகத்தால் அழுத்தினால் பள்ளம் நிற்கும், மணல் தாள் பட்டால் பிசிறு பிசிறாக வரும்.

விற்பவர் எண்ணைச் சொல்லவில்லையா? எடையைக் கேளுங்கள். 50 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள ஷீட்டின் கன அளவு 0.0025 கனமீட்டர். அடர்த்தி 100 என்றால் அது 250 கிராம் இருக்க வேண்டும். 100 கிராம்தான் இருக்கிறது என்றால் அடர்த்தி 40. வந்த பார்சலைச் சமையலறைத் தராசில் வைத்தாலே விற்றவர் சொன்னது பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும். விளம்பரத்தில் போட்ட அடர்த்திக்கும் எடைக்கும் பொருந்தவில்லை என்றால், தராசு எண் தெரியும்படி படம் எடுத்துப் பொருளைத் திருப்பி அனுப்புங்கள். வெட்டிய பிறகு கேட்டால் யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். சிலர் அடர்த்திக்குப் பதில் ஷோர் எனும் கடினத்தன்மை எண்ணைத் தருவார்கள். அதில் ஏ, சி என்று வெவ்வேறு அளவுகோல்கள் உண்டு. ஒரு கடையின் ஏ எண்ணை இன்னொரு கடையின் சி எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

பாயையே வாங்குவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும், அதை உள்பக்கமாக வைக்க வேண்டிவரும். ஓரத்துப் பல் வடிவம் வெட்டி எறிய வேண்டியதுதான், அதனால் பாயின் முழுப் பரப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இதையெல்லாம் கழித்தும் மலிவாக, எடையும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நல்ல பாயில் அருமையான கவசம் செய்யலாம்.

பார்சலில் சாமான் சுற்றி வரும் வெள்ளை நுரை மட்டும் வேண்டாம். அது பாலிஎத்திலீன். பசை சரியாகப் பிடிக்காது, மடித்தால் சுருக்கம் போகாது.

கேள்வி: தோள் கவசத்தைச் சூட்டுப் பசைக் குச்சியால் ஒட்டினேன். காரில் எடுத்துப் போய் இறங்கும்போது இணைப்புகள் வாயைப் பிளந்திருந்தன. வேறு என்ன வாங்க வேண்டும்?

பதில்: காண்டாக்ட் சிமெண்ட் வாங்குங்கள். காலணி, தோல் வேலைகளில் இருபுறமும் தடவி ஒட்டுவார்களே, அந்தப் பசை. பாலிகுளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பரைக் கரைத்துச் செய்வது. உங்கள் பசைக்குச்சி சூட்டில் உருகி, ஆறினால் இறுகும் பொருள். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகத்தான் செய்யும். வெயிலில் மூடிக் கிடந்த காருக்கு அந்தச் சூடு உண்டு. சட்டென ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையும் நீண்ட இணைப்புக்கு ஆகாது, காய்ந்த கோடு விறைத்து, வளைத்தால் உடையும்.

காண்டாக்ட் சிமெண்டில் பொறுமைதான் முக்கியம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் கையோடு வராத அளவுக்குக் காய விடுங்கள். எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும், காற்றில் ஈரம் இருந்தால் கூடுதல் ஆகும். ஈரத்தோடு ஒட்டியவர்கள்தான் "இந்தப் பசை பிடிக்கவில்லை" என்று புகார் செய்கிறார்கள். காய்ந்த பிறகு சேர்த்தால் பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் ஒரு முனையில் தொடங்கி, நீங்கள் போட்டு வைத்த குறுக்குக் கோடுகளைப் பொருத்திக்கொண்டே போங்கள். ஃபோமை ஹீட் கன்னால் வளைக்கும் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வாங்கும்போது பெரிய டப்பா லாபம் என்று தோன்றும். மூடியைத் திறந்து திறந்து மூடும்போதே கரைப்பான் ஆவியாகிப் பசை கெட்டியாகிவிடும். நடுத்தர அளவில் இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: பசை வாடை தலையைச் சுற்றுகிறது. என்-95 முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். போதாதா?

பதில்: போதாது. இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். என்-95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரைப்பான் பசையில் டொலுயின் போன்றவை இருக்கும். தலைசுற்றல் என்பது அவை உங்கள் உடம்புக்குள் போய்விட்டன என்பதன் அடையாளம். வேலையை நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்குப் போங்கள்.

வாங்க வேண்டியது, மாற்றக்கூடிய வடிகட்டிக் குப்பிகள் பொருத்திய ரப்பர் அரைமுகமூடி. குப்பியில் கரிம ஆவிக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் அதற்கு ஏ என்ற எழுத்தும் பழுப்புப் பட்டையும், அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டையும் இருக்கும். ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கும் தூளுக்குத் தூசி வடிகட்டி தனியாக வேண்டும், இரண்டும் சேர்ந்த குப்பிகளும் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும் குப்பியைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் சும்மா கிடக்கும்போதே அதன் ஆயுள் தீரும். முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பலன், தாடி இருந்தால் இடுக்கில் ஆவி நுழையும். முகமூடி இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பசை காயும் இடத்தில் ஹீட் கன்னை இயக்கவே கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீர்வகைக் காண்டாக்ட் சிமெண்டைத் தேடுங்கள். காய நேரமாகும், அவ்வளவுதான் சிரமம்.

ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. அளவுக்கு மீறிச் சூடான ஈ.வி.ஏ.விலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும், வினிகர் வாடை வந்தால் கருக்குகிறீர்கள் என்று அர்த்தம். புதுப் பாயில் வரும் வாடையையும் சிலர் கேட்டிருந்தார்கள். சில ஈ.வி.ஏ. நுரைகளில் உற்பத்தியின்போது தங்கும் ஃபார்மமைடு என்ற பொருள் உண்டு. குழந்தைகளின் பொம்மை நுரையிலிருந்து அது வெளியேறுவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வரம்பு கொண்டுவந்தது: சோதனை தொடங்கி 28 நாளுக்குள் கனமீட்டர் காற்றுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பொம்மைத் தரத்தில் தேறியது என்று ஆவணம் காட்டும் கடையில் வாங்குங்கள். வாங்கியதைச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் விரித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்தேன். அணிந்து பார்த்ததும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

பதில்: பெயிண்டைக் குறை சொல்ல முடியாது. தகரத்துக்கும் மரத்துக்கும் செய்த பெயிண்ட் விறைப்பாகக் காயும், ஃபோமோ வளையும். இடையே வளையக்கூடிய பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு, வேண்டும். ரப்பர் பூச்சு ஸ்ப்ரே அல்லது ஃபோமுக்கென்றே விற்கும் நீர்வகைப் பூச்சு, எதுவானாலும் சரி. அதற்கு முன் ஹீட் கன்னை ஒருமுறை மேலோட்டமாக ஓட்டினால் மேல்பரப்புத் துளைகள் மூடிக்கொள்ளும், லேசான பளபளப்பு வரும். பிறகு பிரைமர், அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட். வெள்ளைப் பசையை நீர்விட்டுப் பூசுவது மலிவான மாற்று, ஆனால் வளையாத துண்டுகளுக்கு மட்டும். புதிதாக எது வாங்கினாலும் வெட்டி மிஞ்சிய ஃபோமில் பூசி, காய்ந்தபின் மடித்துப் பாருங்கள்.

கேள்வி: என் வடிவமைப்பை ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். முழுப் பணத்தையும் முன்பே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முழுதாக வேண்டாம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் உடம்பளவுக்குச் செய்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது, நீங்கள் பாதியில் விலகினால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் பொருளுக்கான பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். பேட்டர்ன் மாதிரியை உங்கள்மேல் வைத்துப் பார்த்த பிறகு ஒரு தவணை, பெயிண்டுக்கு முன் படம் பார்த்து ஒரு தவணை, கைக்கு வந்ததும் மீதி. இந்தப் பிரிப்பை ஏற்காதவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

எழுத்தில் இவை இருக்கட்டும்: எந்தத் தேதிக்குள் தருவார், அளவு பொருந்தாவிட்டால் யார் செலவில் திருத்துவது, எந்த அடர்த்தி, எந்தப் பசை. வடிவமைப்பு உங்களுடையது, அதே கவசத்தை வேறொருவருக்குச் செய்து விற்கக் கூடாது என்பதையும் சேருங்கள். பேட்டர்ன் தாள் யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். அதை உங்களிடம் தர அவர் கூடுதலாகக் கேட்டால், நியாயமான தொகை என்றால் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கைக்கவசம் கிழிந்தால் அதை மட்டும் நீங்களே மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ஷீட்டுகளைச் சுருட்டி அனுப்பிவிட்டார்கள். விரித்தால் சுருண்டுகொள்கிறது. திருப்பிவிடவா?

பதில்: வேண்டாம், அது பழுது இல்லை. ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, தட்டையான தரையில் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஆற விடுங்கள், நிமிர்ந்துவிடும். முன்கைக்கும் முழங்காலுக்கும் போகப் போகிற ஷீட் என்றால் நிமிர்த்தவே வேண்டாம், எப்படியும் அதை வளைக்கத்தான் போகிறீர்கள். குறுக்கே கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் அதே நாளில் படம் எடுத்துக் கடைக்கு எழுதுங்கள். அந்தக் கோடு சூட்டிலும் போகாது, பெயிண்டுக்கு மேலும் தெரியும்.