விலை கூடிய மெத்தைக்கு அந்தக் காசு தகுமா? மெத்தைக் கடைக்காரரிடம் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஒரு மெத்தைக் கடையில் முதலில் விற்பனையில் இருந்தேன். பிறகு புகார் வந்த வீடுகளுக்குப் போய்க் குழி விழுந்த மெத்தையை அளந்து பார்க்கும் வேலை. "விலை கூடியது வாங்கினால்தான் நல்லதா?" என்று பலரும் கேட்பதால், வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து: அண்ணா, அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. குயின் சைஸ் மெத்தை ஒரு கடையில் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடுத்த கடையில் 3,200. படுத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கடையில் தெரியாது, தங்கச்சி. புது மெத்தை எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருஷம் போனால்தான் சாயம் வெளுக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல, அதற்கு மேலே இருக்கும் ஃபோம்தான். அதனால் ஃபோமின் அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். சாதாரண ஃபோம் 30 கிலோவுக்கு மேலும், உடம்பின் வடிவுக்கு அமுங்கி மெல்ல எழும்பும் மெமரி ஃபோம் 50 கிலோவுக்கு மேலும் இருந்தால் நம்பி வாங்கலாம். கையால் அமுக்கிப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டியாக இருந்துகொண்டே சீக்கிரம் அமுங்கிப்போகும் மலிவு ஃபோமும் உண்டு. 3,200 வெள்ளி கேட்கிறவர் இந்த எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

அடுத்தது ஸ்பிரிங். ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருப்பது பாக்கெட் ஸ்பிரிங். பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் உங்களுக்கு அவ்வளவாக ஆட்டம் தெரியாது. எல்லாச் சுருளையும் கம்பியால் பிணைத்த பழைய வகையைவிட இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆனால் "3,000 ஸ்பிரிங்" என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். மேலே ஓர் அடுக்கு குட்டி ஸ்பிரிங் வைத்து அதையும் சேர்த்து எண்ணுகிற வழக்கம் உண்டு.

என் அனுபவத்தில் 400 வெள்ளியிலிருந்து 1,000, 1,500 வரை ஏறும்போது உள்ளே இருக்கும் சரக்கு உண்மையாகவே மாறுகிறது. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பங்கு மேல்துணிக்கும் உயரத்துக்கும் ஷோரூம் வாடகைக்கும் போகிறது. முழுக்க இயற்கை லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்த மெத்தை) கேட்பவருக்கும், உடல் எடை நன்றாகக் கூடியவருக்கும் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

தோ பாயோவிலிருந்து: எனக்கு நாள்பட்ட முதுகுவலி. வீட்டில் பெரியவர்கள் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் 4,000 வெள்ளி 'முதுகுவலி மெத்தை' என்கிறார்.

இரண்டுமே வேண்டாம். ஸ்பெயினில் முதுகுவலி உள்ள 313 பேரை வைத்து 90 நாள் நடத்திய ஓர் ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. அங்கே பார்த்தது கெட்டித்தன்மையை, விலையை அல்ல.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் தூங்கும் அதே வாக்கில் கால் மணி நேரம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம். பக்கவாட்டில் படுப்பவர் என்றால் கூட வந்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். மல்லாந்து படுத்தால் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் உங்களுக்கு அந்த மெத்தை கெட்டி. காலில் மரமரப்போ பலவீனமோ இருந்தால் மெத்தைக் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: ஏர்கான் போடாமல் தூங்குகிறோம். கூலிங் ஜெல் மெத்தை உதவுமா?

படுத்த கொஞ்ச நேரத்துக்குச் சில்லென்று இருக்கும். ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்தபிறகு வித்தியாசம் தெரியாது. ஏர்கான் இல்லாத அறைக்கு, கனமான மெமரி ஃபோமைவிடக் காற்று ஓடும் ஸ்பிரிங் மெத்தையும் பருத்தி விரிப்பும் மேல்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து: 2,500 வெள்ளி மெத்தை, ஒரே வருஷத்தில் அடியில் கறுப்புப் பூஞ்சணம். ஏமாற்றிவிட்டார்களா?

மெத்தையைக் குறை சொல்வதற்கு முன் கட்டிலைப் பாருங்கள். அடியில் சாமான் வைக்கும் ஸ்டோரேஜ் கட்டிலா? அதன் பலகையில் காற்றோட்டம் இருக்காது. இரவெல்லாம் வியர்வை ஈரம் கீழே இறங்கும், நம் ஊர்க் காற்றிலோ எப்போதுமே ஈரம். இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்த கட்டில் என்றால் ஈரம் காயும். பலகைதான் என்றால் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து, அடிப்பக்கம் மின்விசிறிக் காற்றுப் படும்படி வையுங்கள். விரிப்பை எடுத்த கையோடு செய்தால் தனி வேலையாகத் தெரியாது. இந்த விஷயத்தில் 5,000 வெள்ளி மெத்தைக்கும் இதே கதிதான்.

தெம்பனிஸிலிருந்து: 15 வருஷ உத்தரவாதம் என்றால் 15 வருஷம் உழைக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்தத் தாளைக் கடையிலேயே படியுங்கள். குழி இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் மாற்றுவோம் என்று போட்டிருக்கும். மெத்தையின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நூலை இழுத்துக் கட்டி, ஆழமான இடத்தில் ஸ்கேலை நிறுத்தி அளப்போம். அதில் யாரும் படுத்திருக்கக்கூடாது. எழுந்ததும் ஃபோம் பாதி எழும்பிவிடுவதால், படுக்கும்போது இடுப்பு நன்றாக இறங்கும் மெத்தையிலும் நூலுக்கடியில் 2 சென்டிமீட்டர்தான் காட்டும். புகார் தள்ளுபடி. அந்த முகங்களை நான் நேரில் பார்த்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மேலே கறை பட்டிருந்தாலும் பல கடைகள் கைவிரித்துவிடும். ஆகவே முதல் நாளே மெத்தை உறை போடுங்கள்.

மெத்தை கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் வேறு வழி உண்டு. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்ட'ப்படி, அந்தக் கோளாறு கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு.

உட்லண்ட்ஸிலிருந்து: ஊரில் இலவம்பஞ்சு மெத்தையில் படுத்துப் பழகிய அம்மா எங்களோடு இருக்க வருகிறார். இங்கே அப்படி ஒன்று வாங்கலாமா?

ஆசை நியாயமானது. ஆனால் இலவம்பஞ்சை அவ்வப்போது நல்ல வெயிலில் போட்டு அடித்து உதறவேண்டும். மொட்டை மாடி இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டில் அது கட்டிபிடித்து, ஈரம் ஏறி நாறும். நடுத்தரக் கெட்டியில் ஒரு மெத்தை வாங்குங்கள். அம்மா உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். விலை கூடிய மெத்தைகள் பல 35 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கட்டிலோடு சேர்த்தால் வயதானவர் இறங்கத் தடுமாறுவார். அவருக்கு 20 சென்டிமீட்டர் போதும்.

காலாங்கிலிருந்து: அண்ணே, வாடகை அறையில் இருக்கிறேன். கையில் 200 வெள்ளிதான். பழைய பிராண்டு மெத்தை ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

வேண்டாம், தம்பி. தையல் மடிப்புக்குள் மூட்டைப்பூச்சி இருந்தால் அறை முழுக்கப் பரவிவிடும், மருந்தடிக்க ஆகும் செலவு மெத்தை விலையைத் தாண்டும். அந்தக் காசுக்குப் புதிதாகவே சிங்கிள் ஃபோம் மெத்தை கிடைக்கும். 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும், அடர்த்தியை மட்டும் கேட்டு வாங்கு. மிச்சத்தில் ஒரு உறையும் நல்ல தலையணையும் எடுத்துக்கொள்.