கணினி கேள்வி-பதில்: மதர்போர்டை மாற்றும் முன்

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும்போது போட்டோஷாப்பில் ஜூம் செய்தால் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்ப வருகிறது. சில சமயம் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. போன மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. சர்வீஸ்காரர் ரேமை மாற்றினார், சரியாகவில்லை. இப்போது மதர்போர்டு போய்விட்டது என்கிறார். முகூர்த்த சீசன் சார், என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், பழனி

பதில்: மதர்போர்டுக்கு எடுத்து வைத்த பணத்தைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள். 'கறுத்துத் திரும்ப வருகிறது' என்று நீங்களே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் நகரவில்லை என்றால், அது சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டி, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அந்த இடைவெளிதான். கிளப்ப முடியாமல் போனால் நீலத் திரை. பழுதான ரேம் பெரும்பாலும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. கண்ட நேரத்தில், கண்ட புரோகிராமில் காலை வாரும்.

இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும், நம் ஊரில் பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் மெனுவில் 'இவென்ட் வியூவர்' என்று தேடி, 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' பகுதிக்குப் போங்கள். திரை கறுத்த அதே நேரத்தில் 'டிஸ்ப்ளே' என்ற பெயரும் 4101 என்ற எண்ணும் போட்ட எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். நீலத் திரை வந்தால் பதறாமல் செல்போனில் ஒரு படம் எடுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்று இருந்து, கீழே வரும் கோப்பின் பெயர் என், வி என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது என்விடியா கம்பெனி கார்டின் டிரைவர்.

அடுத்து, போட்டோஷாப்பின் பிரிஃபரன்சஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' டிக்கை எடுத்துவிட்டு ஒரு ஆல்பத்தை முடித்துப் பாருங்கள். வேகம் குறையும். ஆனால் கறுப்பது நின்றுவிட்டால் சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம் உறுதியாகிறது. சீசன் முடியும்வரை இப்படியே ஓட்டினாலும் தப்பில்லை.

கார்டா, டிரைவரா? சேஃப் மோடில் நன்றாக ஓடினால் டிரைவர்தான் கெட்டது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரை மட்டும் போட்டுக்கொள்வதால் கார்டுக்குச் சுமையே இல்லை. சூடேறினால் சாகிற கார்டும் அங்கே சமர்த்தாக இருக்கும். கணினியைப் போட்டதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி லோகோ தெரியும்போதே கோடும் புள்ளியுமாக வருகிறதா என்று கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் டிரைவர் ஏறியிருக்காது. அங்கேயே கோடு வந்தால் கார்டையோ, மானிட்டர் கேபிளையோ, மானிட்டரையோதான் பார்க்க வேண்டும்.

லோகோ சுத்தமாக இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். 'டிவைஸ் மேனேஜர்', 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்', கார்டின் மேல் ரைட் கிளிக், 'பிராபர்ட்டீஸ்', 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்'. போன மாதம் வரை நன்றாக ஓடியதால் இதுவே போதும் என்று நினைக்கிறேன். அந்த பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போது கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து சில மாதங்களுக்கு முந்தைய பதிப்பை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, 'டிடியு' (DDU, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவசக் கருவியைச் சேஃப் மோடில் ஓட்டிப் பழையதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நெட் இருந்தால் நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன் விருப்பத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். உங்களுடையது என்விடியா என்றால் 'கேம் ரெடி' வேண்டாம், 'ஸ்டுடியோ' டிரைவரை எடுங்கள். உங்களைப் போன்றவர்களின் வேலைக்கென்றே அதைத் தனியாக வெளியிடுகிறார்கள்.

பழைய டிரைவரிலும் கறுத்தால் கேபினட்டைத் திறந்து தூசியையும் ஃபேனையும் பாருங்கள். பிறகு பவர் சப்ளை. மதர்போர்டு கடைசி.

கேள்வி: டிரைவரை எப்போதும் புதிதாக வைத்திருக்க வேண்டாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வந்த அன்றே போட வேண்டாம் அம்மா. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 பதிப்பு சிலருடைய கார்டில் ஃபேன் வேகத்தைக் குழப்பிச் சூடேற்றியதால், கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இந்த அப்டேட்தான். பழனிக்காரர் போன்றவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் போட்டுக்கொள்ளலாம். 'எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: திரை கறுத்தது கறுத்தபடியே நின்றால், சேமிக்காத வேலை போனது போனதுதானா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பவர் பட்டனை அமுக்கும் முன் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி கிளப்பும். 'பீப்' சத்தம் வந்து திரையும் திரும்பினால், வேறெதையும் தொடாமல் கண்ட்ரோல் எஸ்.