கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் மண்டலப் போட்டியில் நடுவராகப் பணியாற்றுவது எப்படிப்பட்ட அனுபவம்? பல ஆண்டுகள் வீரராக ஆடியவருக்கு அது எளிதாக இருக்குமா?

எளிதாக இருக்காது என்பதே என் பதில். பத்தாண்டுகளுக்கு மேல் ஆடிய பிறகுதான் நடுவர் பயிற்சியும் தேர்வும் முடித்து இந்தப் பணிக்கு வந்தேன். ஆடிய அனுபவம் பெரிதும் கைகொடுக்கும் என்று நம்பியே முதல் மண்டலப் போட்டிக்குப் போனேன். அந்த அனுபவத்தில் ஒரு பகுதியைக் கண்ணிலிருந்து கழற்றி வைத்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பது முதல் நாள் மாலைக்குள் புரிந்துவிட்டது. ஆடியவரின் கண் உதைக்கும் காலின் பின்னாலேயே ஓடும். அந்தக் கால் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்தத் தாக்குதலை மனத்துக்குள் தானே ஆடிப் பார்க்கும். நடுவர் பார்க்க வேண்டியதோ பெரும்பாலும் அந்த உதை போய்ச் சேரும் பக்கத்தில் இருக்கிறது.

களத்தின் ஓரத்தில், மூலை நடுவரின் நாற்காலியில் அமர்ந்தபோதுதான் இதை முதலில் உணர்ந்தேன். எங்கள் போட்டியில் மார்புக் கவசம் மின்னணு வகை; தலைக்கவசம் சாதாரணமானது. உடலில் பட்ட உதைக்குக் கருவியே இரண்டு புள்ளி கொடுத்துவிடும். தலையில் பட்ட உதைக்கான மூன்று புள்ளி, குத்துக்கான ஒரு புள்ளி, சுழன்று உதைத்தால் கூடுதலாகச் சேரும் புள்ளி ஆகியவை மூலை நடுவர்கள் அழுத்தும் பொத்தானைப் பொறுத்தவை. மூவரில் குறைந்தது இருவர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பலகையில் எண் ஏறும். இங்கே காதுதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. முன்கையில் பட்டுத் தெறிக்கும் உதை மிகப் பெரிய ஓசை எழுப்புவதால் அரங்கமே கூச்சலிடும். நம் விரலும் தானாகத் துடிக்கும். தலைக்கவசத்தின் ஓரத்தில் முறையாகப் பட்ட உதை சில வேளைகளில் ஓசையே இல்லாமல் முடிந்துவிடும். கணுக்கால் எலும்புக்குக் கீழுள்ள பாதப்பகுதி பட்டதா என்பதைக் கண் உறுதி செய்யும் வரை விரலை அடக்கி வைக்க நான் பழகுவதற்கே அந்தப் போட்டி முழுவதும் ஆயிற்று.

பெரிய அரங்குகளிலும் இது நடந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் சீனாவின் சென் சோங்கின் முகத்தில் கொடுத்த உதைக்கு அப்போது புள்ளி கிடைக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவித்த பிறகு காணொளியைப் பார்த்துத்தான் முடிவை மாற்றினார்கள். அதன் பிறகு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசமும், 2016 ரியோவில் மின்னணுத் தலைக்கவசமும் வந்தன. மண்டலப் போட்டிகளில் இவையெல்லாம் ஒருசேரக் கிடைப்பது அரிது. எங்கள் போட்டியில் காணொளி மறுபார்வையும் இல்லை. நடுவர் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

அப்படி நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் என்னை, களத்துக்குள் நின்று ஆட்டத்தை நடத்தும் மைய நடுவராக நிறுத்தியிருந்தார்கள். இளையோர் அரையிறுதி ஒன்றில் நீலக் கவச வீரரும் சிவப்புக் கவச வீரரும் ஆளுக்கொரு சுற்றை வென்றிருக்க, மூன்றாம் சுற்றின் கடைசிப் பத்து விநாடிகளில் ஆளுக்கு ஆறு புள்ளிகள் எடுத்திருந்தார்கள். சிவப்பு வீரர் உதைத்தார். உதைத்த வேகத்தில் பாயில் விழுந்தார். விழுவது குற்றம் என்பதால் 'கல்யோ' (விலகுங்கள்) சொல்லி இருவரையும் நிறுத்தி, சிவப்புக்குக் காம்ஜோம் என்ற தண்டனை கொடுத்தேன். நீலத்துக்கு ஒரு புள்ளி சேர்ந்தது. அந்தப் புள்ளியிலேயே ஆட்டம் முடிந்தது. தன் பக்கம் வந்த உதைகாலை நீல வீரர் ஒரு கணம் கையால் பற்றியிருந்தார் என்று ஆட்டம் முடிந்த பின்னர்தான் மூலையில் இருந்த மூத்த நடுவர் என்னிடம் சொன்னார். பற்றியதால்தான் அந்தப் பையன் விழுந்திருக்கிறான். எதிராளியின் விதிமீறலால் ஒருவர் விழுந்தால் காம்ஜோம் விழுந்தவருக்கு இல்லை, எதிராளிக்குத்தான். நான் அப்போது நீல வீரரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவருடைய கைகள் எனக்குத் தெரியவில்லை. மைய நடுவர் இரு வீரர்களோடும் ஒரு முக்கோணம் அமையும்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். அந்தச் சில விநாடிகளில் நான் நடுவராக நிற்கவில்லை. அடுத்த உதை எங்கே வரும் என்று ஆர்வத்தோடு எதிர்பார்க்கும் ஆட்டக்காரனாக நின்றுவிட்டேன். சிவப்பு வீரர் எதுவும் சொல்லாமல் வணங்கிவிட்டு வெளியேறியது இன்றும் என் கண்முன் இருக்கிறது. அவரை நேரில் கண்டு என் பிழையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

அதே நாள் பிற்பகலில் வேறொரு ஆட்டம். பதினைந்து வயதிருக்கும் பெண் ஒருவருக்கு, இரண்டாம் சுற்றின் நடுவில், எதிராளியின் சுழல் உதை காதுக்கு மேலே பட்டது. முழங்கால் மடங்கி ஒரு கை பாயைத் தொட்டது, உடனே எழுந்துவிட்டார். ஆட்டக்காரனின் கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. நானே எத்தனையோ முறை அப்படி எழுந்து ஆடியிருக்கிறேன். ஆனால் வீழ்த்தப்பட்டவர் உடனே எழுந்தாலும் எட்டு வரை எண்ணியே ஆக வேண்டும். எதிராளியை விலக்கி நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டி ஹானா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணத் தொடங்கினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, ஆட விடுங்கள் என்று அவருடைய பயிற்சியாளர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு எண்ணும்போது அந்தப் பெண்ணின் பார்வை என் விரல்களில் இல்லை, என் தோளுக்கு அப்பால் எங்கோ இருந்தது. 'யொதொல்' (எட்டு) என்றதும் கைகளைத் தூக்கித் தயார் நிலைக்கு வந்தார். கைகள் பழக்கத்தில் வந்த அளவுக்குக் கண்கள் வரவில்லை. ஆகவே ஆஹொப், யொல் என்று பத்து வரை எண்ணி ஆட்டத்தை முடித்துவிட்டேன்.

அவர் அழுதார். பயிற்சியாளர் என்னிடம் மிகக் கடுமையாகப் பேசினார். அவருடைய கோபத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் அவரும் தம் மாணவியின் பல மாத உழைப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். மருத்துவர் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, நடந்தது எத்தனையாவது சுற்று என்று கேட்டார். முதல் சுற்று என்றார் அவர்.

மற்றபடி, அந்த நாள்கள் நீளமானவை. காலையில் கூட்டம், சீருடை, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தல், பிறகு மாலை வரை நின்றபடியே பணி. மூன்றாவது மணி நேரத்திலேயே குரல் கம்மிவிடும். தொண்டையிலிருந்து கத்தாமல் அடிவயிற்றிலிருந்து 'ஷிஜாக்' (தொடங்குங்கள்) சொல்லக் கற்றவர்கள்தான் கடைசி ஆட்டம் வரை தாக்குப்பிடிக்கிறார்கள். மண்டல அளவில் ஏறக்குறைய எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பது இன்னொரு சங்கடம். உங்கள் பயிற்சிக்கூடத்து மாணவர் களத்துக்கு வந்தால் நீங்களே முன்வந்து விலகிக்கொள்ளுங்கள். வேறொருவர் சுட்டிக்காட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

நீங்கள் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவதாக இருந்தால், உங்கள் காலத்து விதிகளை நம்பாமல் புதிய விதிநூலை முதலிலிருந்து படியுங்கள். அரைத் தண்டனையாக இருந்த கியோங்கோ 2017இல் நீக்கப்பட்டது. மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவருக்கே வெற்றி என்ற முறை அதற்குப் பின்னர் வந்தது. பழைய விதியில் ஆடிப் பழகிய கை, பதற்றத்தில் பழைய சைகையைத்தான் காட்டும். அதோடு ஒரு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, விநாடிக்கு ஒன்றாக, விரல்களோடு சேர்த்து உரக்க எண்ணிப் பழகுங்கள். நான் முதன்முதலில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது ஐந்து விநாடிகளுக்குள் எட்டைத் தொட்டிருந்தேன். அரங்கத்தின் இரைச்சலில், எதிரே ஒரு பயிற்சியாளர் கத்திக்கொண்டிருக்கையில், அது இன்னும் விரைவாகவே ஓடும். விழுந்தவரின் கண்களைப் படிக்க நமக்குக் கிடைப்பது அந்த எட்டு விநாடிகள் மட்டுமே.