சுருங்கிய ப்ளாஸ்ஃபெல்டியா செத்துவிட்டதா?

ஒரு மாதம் தண்ணீர் விடாததில் உங்கள் ப்ளாஸ்ஃபெல்டியா காகிதம்போல் சுருங்கிவிட்டது, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கள்ளிகளிலேயே மிகச் சிறியது இது. சட்டைப் பொத்தான் அளவுதான், முள்ளும் கிடையாது. அர்ஜென்டினா, பொலிவியா பக்கம் ஆண்டீஸ் மலையின் செங்குத்துப் பாறை இடுக்குகளில் வளர்கிறது. அருவி ஓரத்தில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும், கள்ளிக்கு இப்படியொரு ஆசை! மழையில்லாத மாதங்களில் உடம்பு நீரில் பெரும்பகுதியை இழந்து இடுக்குக்குள் சுருண்டு கிடக்கும். டிசம்பர் வாக்கில் மழை தொடங்கியதும் மறுபடி உப்பிவிடும்.

சரி, விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தால் அழுகல், ஒன்றும் செய்வதற்கில்லை. உலர்ந்து விறைப்பாக இருந்தால் தொட்டியை அடியிலிருந்து நனைத்து, நேர்வெயில் படாமல் சில நாள் வையுங்கள். அப்புறம், மண்ணைக் குறைத்துச் சிறு கல்லைக் கூட்டுங்கள்.