கோணல் இறக்கையும் இணைப்பில்லாத சுவிட்சும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோணலாகத் திரும்பும் இறக்கை, முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை என்று விசித்திரமான சோதனை விமானங்களைப் படங்களில் பார்க்கிறோம். இவற்றில் பல, உற்பத்திக்கே வரவில்லை. அத்தனையும் வீண் செலவுதானா?

பதில்: விற்பதற்காகச் செய்த விமானத்தையும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகச் செய்த விமானத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நாசாவின் ஏடி-1 விமானம் 1979 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. தரையிலிருந்து எழும்பும்போது நேராக இருக்கும் அதன் இறக்கையை, பறந்துகொண்டிருக்கும்போதே, நடுவிலுள்ள அச்சில் 60 பாகை வரை திருப்பலாம். அப்போது ஒரு முனை முன்னோக்கியும் மறுமுனை பின்னோக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். அதிவேகத்தில் காற்றின் தடையைக் குறைக்க இந்த அமைப்பு உதவும் என்பது ராபர்ட் ஜோன்ஸ் என்ற காற்றியக்கவியல் அறிஞரின் கருத்து. ஆனால் ஏடி-1 மெதுவாகப் பறக்கும் சிறிய விமானம். ஆகவே அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல. இப்படிச் சமச்சீரற்ற ஒரு பொருளை மனிதரால் ஓட்ட முடியுமா என்பதுதான். 1982 வரை பறந்து அது பதிலும் சொல்லிவிட்டது: ஓட்ட முடியும், ஆனால் இறக்கையின் கோணம் 45 பாகையைத் தாண்டும்போது, மூக்கைத் தூக்கினாலே உடலும் சேர்ந்து உருளத் தொடங்குவதால் விமானியின் பாடு கடினமாகிவிடுகிறது. பதில் கிடைத்ததும் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு யோசனையைப் பரிசோதிக்க அவசரமாக எழுதிய நிரலையே மெருகேற்றி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம் மென்பொருள் நிறுவனங்களில் இன்றும் இருப்பதால், அந்த நிறுத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: எக்ஸ்-29 விமானம் கணினி இல்லாமல் பறக்கவே முடியாது என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1984 டிசம்பர் 14 அன்று முதலில் பறந்த அந்த விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. குலுங்கினால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் இயல்பு அதற்கு இல்லை. மூக்கு சற்று எழும்பினால் மேலும் எழும்பவே முற்படும். எனவே அதன் கணினிகள் நொடிக்கு 40 முறை வரை கட்டுப்பாட்டுப் பரப்புகளை, அதாவது விமானத்தின் போக்கை மாற்றும் அசையும் தகடுகளை, திருத்திக்கொண்டே இருந்தன. மூன்று டிஜிட்டல் கணினிகள், அவற்றுக்கு மாற்றாக மூன்று அனலாக் கணினிகள் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இதற்கு வழிகாட்டியது, அப்போலோ விண்கலக் கணினியைப் பொருத்தி 1972 மே மாதத்தில் நாசா பறக்கவிட்ட எஃப்-8 விமானம்.

கேள்வி: நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். எல்லாச் சோதனைகளிலும் தேறிய மென்பொருள், வெளியிட்ட பிறகு யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் தடுமாறுகிறது. இத்தனை கட்டுப்பாடுள்ள விமானத் துறையிலும் அப்படி நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்-31, மூக்கை 70 பாகை வரை உயர்த்திய நிலையிலும் கட்டுப்பாட்டை இழக்காமல் பறக்கக்கூடிய விமானம். 1995 ஜனவரி 19 அன்று, சோதனைகளை முடித்துக்கொண்டு கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத் தளத்துக்குத் திரும்பும் வழியில் அது கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார்.

காரணம் ஒரு குழாய். காற்றின் வேகத்தை அளப்பதற்காக மூக்கின் முனையில் பொருத்தப்படும் பிட்டோ குழாய் குளிரில் உறைந்துவிடாமலிருக்க அதைச் சூடேற்றும் வசதி இருப்பது வழக்கம். செங்குத்தான கோணங்களில் கூடுதல் துல்லியம் வேண்டும் என்பதற்காக எக்ஸ்-31இல் பழைய குழாயை எடுத்துவிட்டு வேறு வகைக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அதற்குச் சூடேற்றும் இணைப்பு கொடுக்கப்படவில்லை. ஆனால் விமானியின் அறையில் அதற்கான சுவிட்ச் மட்டும் பழையபடியே இருந்தது. விமானி அதைப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. குழாயில் பனி அடைத்தது, வேகம் குறைவு என்ற பொய்த் தகவல் கணினிக்குப் போனது, கணினி அந்த வேகத்துக்கு ஏற்றபடி பரப்புகளை அளவுக்கு மீறி அசைத்தது. கட்டளைக்குப் பணிந்த நிரலில் குற்றம் சொல்ல இடமில்லை. அதற்குக் கிடைத்த எண்தான் தவறு.

என்னை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்த செய்தி. அந்தச் சுவிட்சுக்கு இணைப்பு இல்லை என்பது தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். விமானிக்கு அந்தத் தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. வேகத் தகவலை ஒதுக்கிவிட்டுப் பறப்பதற்கான மாற்று முறையும் விமானத்திலேயே இருந்தது. அதற்கு மாற வேண்டும் என்று எண்ணுவதற்கு, தகவல் பொய் என்பது முதலில் தெரிய வேண்டுமே! உங்கள் அன்றாடப் பணியில் இதற்கு இணையானவை ஏராளம். அமைப்புகள் பக்கத்தில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் படிக்கும் நிரலை யாரோ நீக்கியிருப்பார். காரணம் ஒரு கூட்டத்தில் பேசப்பட்டிருக்கும், கூட்டத்துக்கு வராதவருக்குத் தெரியாது. சோதனைப் பட்டியலில் இதுபோன்றவை வருவதே இல்லை, ஏனென்றால் பட்டியல் எழுதுபவர் சுவிட்ச் இருக்கிறது என்றால் அது வேலை செய்யும் என்றே எடுத்துக்கொள்கிறார். அடுத்த முறை ஒரு பகுதியை மாற்றும்போது, அதை நம்பியிருந்த மற்றவை எவை, மாற்றம் யார் யாருக்குச் சொல்லப்பட்டது என்ற இரண்டு வரிகளையும் சோதனை அறிக்கையில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து, கணினியை அணைத்துவிட்டு மறுபடி இயக்குவதுதான். விமானத்திலும் அப்படியா?

பதில்: சிரிக்காமல் படியுங்கள். போயிங் 787 விமானத்துக்கு மின் இணைப்பு 248 நாள்கள் இடைவிடாமல் இருந்தால் அதன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்பதால், அதற்கு முன்பே மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து இணைக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2015இல் ஆணையிட்டது. நொடியின் நூறில் ஒரு பங்கை ஒவ்வொன்றாக எண்ணும் 32 பிட் எண்ணி, அதில் ஒரு பிட்டைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கியிருந்தால், ஏறத்தாழ அந்த நாள்கணக்கில்தான் நிரம்பி வழியும்.

கேள்வி: ‘சீக்கிரம் உடைத்து, சீக்கிரம் திருத்து’ என்று எங்கள் மேலாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். விமானம் செய்பவர்கள் இதை ஏற்பார்களா?

பதில்: ஒருவர் ஏற்று வெற்றியும் பெற்றார். மனித ஆற்றலால் மட்டுமே இயங்கும் விமானம் எட்டு வடிவப் பாதையில் பறந்து காட்ட வேண்டும் என்று 1959இல் அறிவிக்கப்பட்ட கிரெமர் பரிசை, பால் மக்கிரெடியின் குழு 1977 ஆகஸ்ட் 23 அன்று வென்றது. அவர்களுடைய ‘காசமர் கான்டர்’ விமானம் அலுமினியக் குழாய், கம்பி, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஆகியவற்றால் ஆனது. இறக்கை 29 மீட்டர் நீளம், எடையோ ஏறத்தாழ 32 கிலோதான். மற்றவர்கள் நேர்த்தியாகக் கட்டிய விமானம் உடைந்தால் மாதக்கணக்கில் பழுது பார்த்தார்கள். இவர்கள் ஒட்டுப் போட்டுவிட்டு விரைவில் மறுபடி பறந்தார்கள். ஆனால், மிதிவண்டி வேகத்தில், தரையை ஒட்டிப் பறந்ததால் விழுந்தாலும் பெரிய ஆபத்து இல்லை என்பதை உங்கள் மேலாளரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். உடைவது வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு என்றால் அந்த வாதம் நிற்காது.

கேள்வி: விமானக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் வேலைக்குப் போகலாமா? நாள் முழுதும் நிரல் எழுதலாம் அல்லவா?

பதில்: அந்த ஆசையோடு போனால் ஏமாற்றம்தான். பயணிகள் விமான மென்பொருளுக்கு டிஓ-178சி என்ற விதிமுறை உண்டு. கோளாறின் விளைவு எவ்வளவு கொடியது என்பதைப் பொறுத்து மென்பொருள் ஏ முதல் இ வரை தரம் பிரிக்கப்படும். ஏ தரத்தில், ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனையில் சரிபார்க்கப்பட்டது என்பதைக் காட்டியாக வேண்டும். ஒரு முடிவுக்குக் காரணமான ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே அந்த முடிவை மாற்றுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அதனால் நாளின் பெரும்பகுதி பிறர் எழுதியதைப் படிப்பதிலும் ஆவணங்களைத் திருத்துவதிலும் போகும். அது உங்களுக்குச் சலிப்பூட்டாது என்றால் தாராளமாகப் போங்கள்.