ஒரு பந்து, நாற்பது பிள்ளைகள்: தொடக்கப்பள்ளி விளையாட்டுக்கான பணமும் பீரியடும் (கேள்வி பதில்)

31 வருடம் உயர்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் பந்தைத் தூக்கிப் போடுவேன். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஐந்து வருடத்தில் பந்து கைக்கே வந்திருக்காது. ஓய்வு பெற்ற பிறகு நான் தொடக்கப்பள்ளிகளைத் தேடிப் போவது அதனால்தான். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, 43 பிள்ளைகள். விளையாட்டு மானியத்தில் போன முறை வாலிபால், நெட், கேரம் போர்டு, இரண்டு ஷட்டில் மட்டை வாங்கினோம். எல்லாம் பீரோவில் இருக்கிறது. இந்த முறை என்ன வாங்கலாம் டீச்சர்? (தலைமை ஆசிரியை)

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் விளையாட்டுக்கென்று தொடக்கப்பள்ளிக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் வரைதான். நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. நம் கைக்கு வருவது இவ்வளவுதான் என்பதால் கடைக்காரர் கட்டித் தரும் 'செட்'டை அப்படியே வாங்கி வராதீர்கள். அதில் இருப்பதெல்லாம் பெரியவர்கள் ஆடுகிற சாமான். வாலிபாலை ஏழு வயதுக் கை தாங்காது. மட்டை இரண்டு இருந்தால் இரண்டு பேர் ஆடுவார்கள், 41 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கையில் சாமான் இருக்கும்? சின்ன ரப்பர் பந்து 20, ஸ்கிப்பிங் கயிறு 15, டென்னிகாய்ட் வளையம் 10, கோன் பத்துப் பன்னிரண்டு, ஒரு விசில். முதலில் இவற்றை வாங்குங்கள். பணம் மிஞ்சினால் கால்பந்து. 'சைஸ் 3' அல்லது '4' என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பெரியவர்கள் ஆடும் 'சைஸ் 5'ஐத்தான் எடுத்துத் தருவார்கள். வாங்கியதை எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தீர்மானத்திலும் இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டு, சாமானைக் கூடையில் போட்டு வகுப்பறை மூலையிலேயே வையுங்கள். பந்து கிழிந்தால் கிழியட்டும். கிழிந்த பந்துக்குக் கணக்கு எழுதிக் கழித்துவிடலாம். ஆடாத பந்தால் யாருக்கு என்ன பயன்?

கொடுக்கிற மானியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதுவே நேரத்துக்கு வருவதில்லையே? (ஆசிரியர்)

உண்மைதான் சார். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத பிரச்சினையில், சமக்ர சிக்ஷாவுக்கு 2024-25-ல் மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. அடி வாங்குவது எப்போதும் சின்னப் பள்ளிகள்தான். அரசுகளுக்குள் ஆயிரம் வழக்கு இருக்கலாம், ஆறு வயதுப் பிள்ளை அதற்காகக் காத்திருக்க முடியாது. எனக்கு இதில் கோபம் உண்டு.

உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. சில ஊர்களில் அது இன்னும் பிரிக்காத பெட்டியாக இருப்பதைப் பார்த்தேன். தலைவரிடம் எழுதிக் கொடுத்துப் பள்ளி நேரத்தில் வாங்கிப் பயன்படுத்தலாம். மைதானம் சமப்படுத்துவது, முள் வெட்டுவது, வேலி போடுவது எல்லாம் கிராம சபையில் பேச வேண்டியவை. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எஸ்.எம்.சி.யில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அந்த அம்மாக்கள் பத்துப் பேர் எழுந்து நின்று கேட்டால் தீர்மானத்தில் ஏறும்.

அதுவரைக்கும் பழைய சேலைத் துணியில் சுற்றித் தைத்த பந்து, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில், பழைய சைக்கிள் டயர். முதல் இரண்டு வகுப்புக்கு இவையே போதும். சொல்லப்போனால், பிடிக்கக் கற்கிற பிள்ளைக்குத் துணிப் பந்துதான் நல்லது. வலிக்காது, உருண்டோடாது.

எங்கள் பள்ளிக்கு பி.டி. மாஸ்டர் ஏன் போடவில்லை? (எஸ்.எம்.சி. உறுப்பினர்)

சட்டத்திலேயே இடம் இல்லை அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, வகுப்புவாரியாக விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கு ஆள் என்று வரும்போது 6 முதல் 8 வகுப்புவரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரப் பயிற்றுநர் என்று நிறுத்திக்கொள்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை யாரும் இல்லை. ஓட, தாண்ட, எறிய, பிடிக்க உடம்பு கற்றுக்கொள்கிற வயதே அதுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் முடியாது என்றால் ஐந்தாறு தொடக்கப்பள்ளிக்கு ஒருவர், வாரம் ஒரு நாள் ஒரு பள்ளி என்றாவது போடலாம். பந்து வாங்கித் தருவதைவிட அதுதான் அவசரம். மனு எழுதும்போது இதையே கேளுங்கள்.

எனக்கு வயது 54, முட்டி வலி. சேலையில் ஓடியாடிக் காட்ட முடியாது. நான் என்ன சொல்லிக் கொடுக்க? (இடைநிலை ஆசிரியை)

நீங்கள் ஓடவே வேண்டாம் டீச்சர், நிழலில் நின்று பாருங்கள். சொன்னதைச் சரியாகச் செய்கிற இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்தினால் மற்றவர்கள் அவர்களைப் பார்த்தே செய்வார்கள். 30 நிமிடம் இருந்தால் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க, இருபது நிமிடம் ஒரே ஒரு திறன், கடைசி ஐந்து நிமிடம் நொண்டியோ கிளித்தட்டோ.

ஒரு மாதம் முழுக்கப் 'பிடிப்பது' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பலூன், அது மெதுவாக வரும், கண் பழகும். அடுத்து துணிப் பந்து, கையெட்டும் தூரத்தில். பிறகு ரப்பர் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பிடிப்பது. கடைசியாக நேரே. "பந்தையே பாரு, கையை நெஞ்சுக்கு இழு" என்ற இரண்டு சொல் போதும். நான்கு வாரத்தில் கண் மூடுவது நின்றுவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

வெயில் நேரத்தைத் தவிர்த்துக் காலை முதல் பீரியடிலேயே வைக்கலாம். முன்பெல்லாம் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள் என்று பயந்தோம். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு இருக்கிறது. சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும், அவ்வளவுதான்.

நான் லண்டனில் ஒரு தொடக்கப்பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இங்கே விளையாட்டுக்குத் தனி நிதி வருகிறது. வெளிப் பயிற்சியாளரை வைக்கிறோம், எங்கள் ஆசிரியர்கள் ஓரமாக நிற்கிறார்கள். இது சரியா?

சரியில்லை தம்பி. லண்டன் ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 2013-ல், இங்கிலாந்தில் தொடங்கிய நிதி அது. 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் 16,000 பவுண்டும் தலைக்கு 10 பவுண்டும் என்பது கணக்கு. 200 பிள்ளைகள் என்றால் 18,000 பவுண்ட். நம்மூர் 5,000 ரூபாயோடு ஒப்பிட்டால் பெருமூச்சு வருகிறது. ஆனால் அந்த நிதியின் விதியே, பணம் நின்ற பிறகும் பலன் நிலைக்க வேண்டும் என்பதுதான். பயிற்சியாளர் போன அன்றே எல்லாம் போய்விடும் என்றால் அது செலவுதான். உங்கள் ஆசிரியரும் அவரோடு சேர்ந்து வகுப்பு எடுக்க வேண்டும், அடுத்த பருவத்தில் ஆசிரியர் தனியாக எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

உங்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. செலவையும், உங்கள் ஊரில் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் 25 மீட்டர் நீந்துகிறார்கள் என்பதையும் பள்ளி வெளிப்படையாகப் போட வேண்டும். நம் பள்ளிகளிலும் விளையாட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவைக்கலாமே.

முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவது? (தலைமை ஆசிரியர்)

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் 5 முதல் 8 வயதுக்கு மூன்றே சோதனை: உயரம்-எடை, ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு வட்டத் தட்டுகளை மாறிமாறி வேகமாகத் தொடுவது. ஜூனில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை எடுங்கள். செலவே இல்லை.

ஐந்தாவது படிக்கும் என் மகள், "பசங்க பந்தைத் தர மாட்டேங்கறாங்க" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். (ஒரு தாய்)

உங்கள் மகள் மேல் தப்பே இல்லை அம்மா. ஒரு பந்தை நடுவில் போட்டுவிட்டு ஆசிரியர் உள்ளே போனால் பலசாலிதான் ஆடுவான். சின்னச் சின்னக் குழுவாக நாலு பேருக்கு ஒரு பந்து என்று பிரிக்கச் சொல்லுங்கள். சீருடைப் பாவாடைக்குள் ஒரு கால்சட்டை போட்டு அனுப்புங்கள். தயங்கி நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கூச்சம்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குக் கால் ஊனம். ஸ்கோர் எழுதச் சொல்கிறேன். (ஆசிரியர்)

வேண்டாம் சார். அவன் கை நன்றாக இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து வளையம் எறியச் சொல்லுங்கள். அந்த ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்தே எறியட்டும். யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.